பம்மி ஆன்ட்டியின் எடையும் என் தங்கையின் வில்லும்

நடந்தவை, வரிசைப்படி:

1. என் தங்கை நித்யாவின் மரவில் பயிற்சியின்போது விரிசல் விட்டது.
2. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டெல்லி ஜூனியர் அணித் தேர்வு.
3. "புதுசு நான் செஞ்சு தரேன்" என்று சொன்னேன்.
4. பக்கத்து வீட்டு பம்மி ஆன்ட்டியின் துப்பட்டா எங்கள் கொலுப் பலகையோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கொஞ்சம் விளக்கம் தேவை என்பது எனக்கே தெரிகிறது.

நான் மெக்கானிக்கல் என்ஜினியர். நொய்டாவில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வு வேலை. மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். (இப்படிப்பட்டவர்கள் சொந்தமாக எதையும் செய்யக்கூடாது என்று சட்டம் இருந்தால் நல்லது.) வில் என்பது மெல்லிய பட்டைகளாகச் சீவிய மூங்கிலையும் மரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டுவதுதானே? அழுத்தம் மட்டும் தலையிலிருந்து வால் வரை சமமாக இருக்க வேண்டும். அதிகம் அழுத்திய இடத்தில் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே போய்விடும். குறைந்த இடத்தில் இடைவெளி விழும். இரண்டிலும் வில் பிரிந்துவிடும்.

"நாலு கிளாம்ப் வாங்கிக்க வேண்டியதுதானேக்கா?" என்றாள் நித்யா.

"கிளாம்ப் போட்டா, போட்ட இடத்துல மட்டும்தான் அழுத்தம். அது அறிவியல் இல்ல."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துரும்ல?"

"வெள்ளிக்கிழமை ஒட்டுறோம், சனிக்கிழமை இழைக்கிறோம். முடிஞ்சுது."

அது நவராத்திரி வாரம். எங்கள் மயூர் விஹார் ஃப்ளாட்டில் ஐந்து படிக்குத்தான் இடம். மிச்சக் கொலுப் பலகைகள் கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தன. ஆறடி நீளம், கோணல் இல்லாத தேக்கு. பொம்மைகள் வந்த இரும்பு ட்ரங்குப் பெட்டிகளை வரிசையாக வைத்து, மேலே ஒரு பலகை, அதன்மேல் பாலிதீன் தாள், அதன்மேல் பசை தடவிய இரண்டு வில்கள் (ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும்) தண்டவாளம் மாதிரி, மறுபடி பாலிதீன், மறுபடி பலகை. பார்ப்பதற்கு ஒரு பெஞ்ச். உட்காரத்தான் ஆள் வேண்டும்.

ஆள்களுக்கா பஞ்சம்? சுண்டலுக்கு ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள். பசை இறுக அரைமணி நேரம் போதும். எடையைக் கேட்டு, கூட்டல் போட்டு, இடம் பிரித்து உட்காரவைத்தால் உலகத்திலேயே மிகச் சமமான அழுத்தம் எனக்குக் கிடைக்கும். இதை நினைத்தபோது எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

"ஆன்ட்டி, உங்க வெயிட் எவ்வளவு?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

பம்மி ஆன்ட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். "அரே பேட்டா!" என்று நெஞ்சில் கைவைத்தார். பிறகு மெதுவாக, "சாட்" என்றார். அறுபது.

மாடி வீட்டுக் கமலா மாமி, "அம்பத்தஞ்சு. மேல ஒரு கிராம் கிடையாது" என்றார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் திருநெல்வேலி வந்தது. "ஏட்டி, வந்தவுகள தராசுலயா நிறுத்துப் பாக்க? வெவஸ்தை வேண்டாமா?"

ஆன்ட்டி இடது கோடி, மாமி வலது கோடி, நடுவில் அப்பா. கணக்கு காகிதத்தில் அழகாக இருந்தது. பலகைதான் இடதுபக்கம் தாழ்ந்தது. பம்மி ஆன்ட்டி தன் திருமணத்துக்கு முந்தைய எடையைச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. அளவுகோலின் நேர்மையைச் சரிபார்க்காமல் அளவெடுத்திருந்தேன். வேலையில் இதற்காக இரண்டு பேரைத் திட்டியிருக்கிறேன்.

"அப்பா, கொஞ்சம் வலதுபக்கம் நகருங்க."

"சுண்டல் கிண்ணம் இருக்கும்மா கையில."

"கிண்ணத்தோட நகருங்க!"

அப்பா நகர்ந்தார். பலகை நேரானது. நான் மூச்சுவிட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா வெளியே வந்து, எந்தக் கொலு வீட்டிலும் எந்த அம்மாவும் சொல்வதைச் சொன்னார்: "மாமி, ஒரு பாட்டுப் பாடுங்களேன்."

மாமி எழுந்தார்.

"மாமி, இங்கேயே உக்காந்து பாடுங்க, ப்ளீஸ்!"

"நன்னாருக்கே! அம்பாள அங்க வெச்சுண்டு நான் மூலைல உக்காந்துண்டா பாடுவேன்?" என்று கொலுவுக்கு முன்னால் பாயில் போய் அமர்ந்தார். நான் பாய்ந்து அவர் இடத்தில் உட்கார்ந்தேன். என் எடைக்குப் பலகை அசையக்கூட இல்லை. மாமி சின்னப் பாட்டாகப் பாடவில்லை. முழுக்கப் பாடி, ஸ்வரமும் பாடினார். பம்மி ஆன்ட்டி ரசித்து, தலையையும் தோளையும் மற்ற அனைத்தையும் ஆட்டித் தாளம் போட்டார். இடது ஓரத்தில் பசை தேன் மாதிரி வழிவதைப் பார்த்தபடி நான் கைதட்டினேன்.

தாம்பூலம் வாங்க ஆன்ட்டி எழுந்தார். இரண்டடி வைத்ததும் யாரோ துப்பட்டாவைப் பிடித்து இழுத்த மாதிரி நின்று, "கௌன் ஹை?", யாரது, என்று திரும்பி அப்பாவை முறைத்தார். அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார், கிண்ணத்தோடு. பூவேலை செய்த ஃபுல்காரி துப்பட்டா. அம்மா கத்திரிக்கோலோடு வந்து, பலகையில் ஒட்டிய மூலையை வெட்டிவிட்டார்.

மறுநாள் காலை பலகையைத் தூக்கினோம். இரண்டு வில்லிலும் இடது கோடியில் பசையே இல்லை. வலது கோடியில் எறும்பு உள்ளே போய்த் திரும்பி வரலாம். இருந்தாலும் இழைத்து, நாண் கட்டி, நித்யாவிடம் கொடுத்தேன். பாதி இழுப்பதற்குள் 'படக்' என்று பட்டைகள் விரிந்தன.

"அக்கா, இது வில்லா, விசிறியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டாவதும் விரிந்தபோது சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோழியின் வில்லை இரவல் வாங்கி எய்தாள். அது அவள் கைக்கு ரொம்பக் கனம். ஒரே ஓர் இட வித்தியாசத்தில் அணியில் சேர முடியாமல் போனது. திரும்பும்போது மெட்ரோவில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஸ்டேஷன் வந்ததும் எழுந்துகொண்டே சொன்னாள்: "அடுத்த வருஷமும் நீதான் செஞ்சு தரணும். ஆனா ஆன்ட்டி இல்லாம."

துப்பட்டா புதிதாக வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் பம்மி ஆன்ட்டி எங்கள் வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருமுன்னும் குனிந்து அடியில் பார்க்கிறார். எடையைக் கேட்டால், "அதே சாட்" என்கிறார். இந்தக் கதையை அப்பா விருந்தாளிகளுக்குச் சொல்லும்போது அவருடைய அப்பாவித்தனம்தான் முக்கியப் பகுதி.

நான் இப்போது பட்டைகளை வளைவுக் கட்டையில் வைத்து, பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒரே இழுப்பில் சுற்றுகிறேன். அழுத்தம் எல்லா இடத்திலும் சமம். நித்யா மறு வருடத் தேர்வில் அணிக்குள் வந்தாள். அவள் எய்வது நான் செய்த வில்லால்தான். இதுவரை அது பிரியவில்லை.