இரண்டாவது தட்டு

"அலாரம் ஏன் அடிக்கல?" என்று கேட்டான் கணவன், ஒரு காலைப் பேண்ட்டுக்குள் விட்டு இன்னொரு காலைத் தேடிக்கொண்டே. வெயில் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

மருமகள் மெல்ல மடிக்கணினியை மூடினாள். முந்தின நாள் அந்த அலாரத்தைத் திருத்திய புண்ணியவதி அவள்தான்.

குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், விட்ட வேலையை மறுபடி பிடிக்கலாம் என்று ஒரு கம்பெனிக்கு எழுதியிருந்தாள். மேலாளர் அம்மா போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"இலவசமா கிடைக்கிற அந்த அலாரம் மென்பொருள் தெரியுமில்ல? அது திறந்த மென்பொருள். அதுல உங்க கையால ஒரு திருத்தம் ஏறட்டும். ஏறினதும் வாங்க."

திறந்த மென்பொருள் என்றால் கூட்டுக் குடும்பத்துச் சமையலறை மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கரண்டி பிடிக்கலாம். ஆனால் உப்பு பார்த்துவிட்டு இறக்கச் சொல்கிறவர் ஒருவர்தான். இங்கே அந்த உப்பு பார்க்கிறவர் 'ஆந்தை' என்ற புனைபெயரில் இருந்தார்.

குறைகளின் பட்டியலில் ஒன்றுக்கு நேராக 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தது. அலாரத்தை நிறுத்த ஒரு தட்டு போதவில்லை, இரண்டு தட்ட வேண்டியிருக்கிறது என்பதே அந்தக் குறை.

"அதைத்தான் நானும் சொல்லிட்டிருக்கேன்," என்றார் மாமியார். வீட்டில் எல்லார் போனிலும் அதே அலாரம்தான். "போன மழைக்கு முன்னாடி ஒரே தட்டுல அடங்குச்சு. நடுவுல எவனோ கெடுத்துட்டான்."

"நான் சரி பண்ணிடறேன் அத்தை."

சரி பண்ணி ஆந்தைக்கு அனுப்பினாள்; வீட்டுப் போன்களிலும் ஏற்றிப் பார்த்தாள். ஒரே தட்டில் நின்றது; மறுநாள் அடிக்கவே இல்லை. ஆந்தையிடமிருந்து பதில் வந்தது: 'முயற்சிக்கு நன்றி. ஆனால் அலாரம் என்றால் அடிக்க வேண்டும்.'

அடுத்த திருத்தத்தில் அடித்தது. மாமியாரின் மாத்திரை, குழந்தையின் பள்ளி வண்டி, கணவனை எழுப்பும் மணிகள் எல்லாமே சாப்பாட்டு வேளையில் சேர்ந்து அடித்தன. மாமியார் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்த வேளையோடது?" என்று திருதிருவென விழித்தார்.

"உனக்கு வேலை கிடைக்கிறதுக்குள்ள எனக்கு வேலை போயிடும் போல," என்றான் கணவன்.

"இன்னும் ஒரே ஒரு தடவைங்க."

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? கணவனை எழுப்புவதற்கென்று தன் குரலையே பதிந்து வைத்திருந்தாள். மூன்றாவது முறை அதுவும் திருத்தத்தோடு சேர்ந்து போய்விட்டது.

ஆந்தை எழுதினார்: 'நன்றி. சோதிப்பதற்காக என் போனில் நிறுவினேன். "எழுந்திரிங்க, இனிமே வாய் பேசாது, தண்ணிதான் பேசும்" என்று ஒரு பெண் குரல் மிரட்டுகிறது. என் வீட்டில் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு தட்டியும் நிற்கவில்லை.'

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "மானம் கப்பலேறிடுச்சு அத்தை. எனக்கெல்லாம் இனிமே இது வராது. விட்டுடறேன்."

"கல்யாணமான புதுசுல நீ சமைச்சதையே சாப்பிட்டு உசுரோட இருக்கோம். இதுக்கா பயப்படுவோம்? போய் உக்காரு, புள்ளைய நான் பாத்துக்கிறேன்."

உட்கார்ந்தாள். இந்தத் தடவை எதையும் புதிதாகச் சேர்க்காமல், இருந்ததை வரி வரியாகப் படித்தாள். 'நிறுத்து' என்ற கட்டளைக்கு முன்னால், தேவையே இல்லாமல் ஒரு 'இன்னொரு தட்டுக்குக் காத்திரு' இருந்தது. தெரியாத்தனமாக விழுந்ததாகத் தெரியவில்லை. தேர்ந்த கை வைத்த மாதிரி அவ்வளவு நேர்த்தி. எந்த மகராசன் பார்த்த வேலையோ என்று திட்டிக்கொண்டே அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து அனுப்பினாள்.

ஆந்தை ஒரே வார்த்தையில் பதில் போட்டார்: 'ஏற்கப்பட்டது.'

அன்றைக்கு மாமியார் அலாரத்தை அடிக்கவிட்டு, ஒரே தட்டில் அடக்கி, மறுபடி அடிக்கவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் காட்டிவிட்டு வந்தார்.

மேலாளரின் அறையில் மருமகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேலிருந்த போன் திடீரென்று அவள் குரலிலேயே பேசியது: "எழுந்திரிங்க, இனிமே வாய் பேசாது..."

மேலாளர் ஒரே தட்டில் அதை நிறுத்தினார். "இதை மட்டும் அழிக்க மனசு வரல. என் வீட்டுக்காரர் இதுக்குத்தான் எழுந்திரிக்கிறார்."

மருமகளுக்கு முகமெல்லாம் சூடேறியது. "அப்ப... ஆந்தை நீங்கதானா மேடம்?"

"நான்தான். வேலை உங்களுக்குத்தான். நாளைக்கே வந்துடுங்க."

மருமகள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அத்தைக்கு உடனே போன் போட வேண்டும் போலிருந்தது. "ரொம்ப நன்றி மேடம். வந்ததும் என்ன வேலை?"

"அந்த ரெண்டாவது தட்டைத் திரும்ப வெச்சிடுங்க," என்றார் மேலாளர். "இங்க எல்லாருமே அதை எடுத்துட்டுத்தான் உள்ள வந்தோம். அடுத்து வர்றவங்களும் எதையாவது திருத்தணுமில்ல?"