மருந்துக்கு மார்க் போடுபவர்

சிலர் நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சிலர் மருந்தைப் பார்க்கப் போவார்கள். இந்த இரண்டாவது இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். புது ஆள் இல்லை, உங்களுக்குத் தெரிந்தவர்தான்.

எங்கள் ஊர் ரெங்கத்து ஹேமநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். டயரா, டெலிபோன் பிளானா, யார் வீட்டுக் கல்யாணச் சாப்பாடா, எதைச் சொன்னாலும் அதன் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டையும் ஏற இறங்கப் பார்த்து, "அதுக்கு இது பரவால்ல லா" என்று மார்க் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுப் பிரேமலாவுக்கு ரத்தப் புற்றுநோய், ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் சும்மா இருப்பாரா? ஒரு கையில் ஹண்டட் பிளஸ் குளிர்பானப் பாட்டில், இன்னொரு கையில் கொல்லையில் பறித்த டுரியான் பெலாண்டா, அதாவது முள்சீத்தா இலை. கிளம்பிவிட்டார்.

பிரேமலாவுக்கு வந்திருப்பது திடீரென்று வந்து, ரத்தம் உறையவிடாமல் செய்து, ஆரம்பத்திலேயே ஆளைச் சாய்த்துவிடக்கூடிய வகை. பழைய கீமோவையும் புது வழியையும் பெரிய ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது, உங்களுக்கு வைட்டமின் ஏ குடும்பத்து மாத்திரையும் ஆர்செனிக் டிரிப்பும்தான் நல்லது, தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையை விழுங்கியாயிற்று. டிரிப் அன்றுதான் ஆரம்பம்.

ஹேமநாதன் மருந்தின் பெயரைக் கேட்டார். செல்போனைத் தட்டினார். முகம் மாறியது.

"அலமாக்! ஆர்செனிக்னா பாஷாணம்மா! எலிக்கு வைக்கிறத உனக்கு ஏத்தப் போறாங்களா?"

பிரேமலா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். டிரிப் மாட்ட வந்த நர்ஸிடம், "அப்புறம் பார்க்கலாம் மிஸி" என்றாள். பார்த்தீர்களா? எத்தனையோ பேர் வருஷக்கணக்காக ஒப்பிட்டுச் சொன்னதைக் கவிழ்க்க ஒரு செல்போன் போதும். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது.

"அப்ப நான் என்னண்ணே செய்யறது?"

இதற்குத்தானே காத்திருந்தார்! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேர நான் கண்ணால பார்த்திருக்கேன். ரெண்டு பேருக்கும் ரத்தத்துலதான். காஹாங்ல இருக்கற லெட்சுமணன் கீமோ போட்டான். தலை மொட்டை, ஒரே வாந்தி, பார்க்கச் சகிக்கல. லாயாங் லாயாங் ஊரு செல்வராணி இந்த எலையத்தான் காய்ச்சிக் குடிச்சாங்க. ஒரு முடி கொட்டலம்மா!"

"லெட்சுமணண்ணன் இப்ப எப்படி இருக்காரு?"

"அவனுக்கென்ன, செம்பனைத் தோட்டத்துல லோரி ஓட்டறான்."

"செல்வராணி அக்கா?"

ஹேமநாதன் பாட்டில் மூடியைத் திருகினார். "அவங்க போய்ட்டாங்க லா. ஆனா முடி மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே இருந்துச்சு."

பிரேமலா சிரித்தாள். படுத்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள்.

"மிஸி, டிரிப் கொண்டாங்க."

ஹேமநாதன் மனம் தளர்ந்தாரா? நாற்காலியை அடுத்த கட்டில் பக்கம் திருப்பிப் போட்டார். "உங்களுக்கு என்ன மருந்து குடுக்கறாங்க?"

இந்த ஆளை வார்டுக்குள்ளேயே விடக்கூடாது என்கிறீர்கள். சரி. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே 'ரத்தப் புற்றுநோய்' என்று படித்ததுமே ஏதோ ஒரு சாறும், அதைக் குடித்துச் சிங்கப்பூரில் குணமான ஒரு மச்சானும் உங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை? பிரேமலாவைப் பார்க்கப் போனால் அந்த மச்சானை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய், "எப்படிம்மா இருக்கே?" என்று கேளுங்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட இன்னும் அதைக் கேட்கவில்லையாம்.