ஏழு நட்சத்திரம்

மூன்றாவது தடவையும் முதலாளி விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். பிஸ்கட் தூளும் மூக்குக்கண்ணாடிக்குப் போடும் குட்டி ஸ்க்ரூ ஒன்றும் விழுந்தன. எழுத்து மட்டும் திரையில் விழவில்லை.

கறுப்புத் திரையில் 'கடவுச்சொல்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. எதை அடித்தாலும் அது நின்ற இடத்திலேயே நின்றது.

"மாப்பிள்ளை, உங்க புரோகிராம் நான் அடிக்கிறதை வாங்க மாட்டேங்குது."

"வாங்குது மாமா. வெளியில காட்டாது, அவ்வளவுதான்."

"ஏன் காட்டாது?"

"பக்கத்துல நிக்கிறவங்க பார்த்துடக் கூடாதுல்ல."

"பக்கத்துல நிக்கிறது நீங்கதான்."

மாப்பிள்ளை காதைச் சொறிந்துகொண்டார்.

நாற்பது ஆண்டுகளாக அந்தக் கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்களின் பவர் விவரமெல்லாம் தடித்த நோட்டுகளில் இருந்தது. அவற்றை ஏற்றி வைக்க, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒரு புரோகிராம் கொண்டுவந்து கொடுத்தபோது, கண்ணாடிக் கடைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் முதலாளி எழுந்து நின்று, மாப்பிள்ளை எழுதிய புரோகிராம் என்று அதை அறிவித்தார். கைதட்டினார்கள். எல்லாம் தமிழில் இருக்க வேண்டும், கடவுச்சொல்லும் தமிழில்தான் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

"ஊருக்கே கண்ணு தெரிய வைக்கிற கடை இது," என்றார் இப்போது. "இங்க கண்ணுக்குத் தெரியாத எழுத்து எதுக்கு?"

"ஒரு நிமிஷம் மாமா," என்று மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தவர், "அடுத்த சனிக்கிழமை நட்சத்திரம் போட்டுடலாம். எழுத்துக்கு ஒண்ணு விழும்," என்றார்.

"இதை உள்ளே நின்னே சொல்லக் கூடாதா?"

"சிக்னல் இல்ல மாமா."

முதலாளி தன் போனைப் பார்த்தார். சிக்னல் கோடு நான்கும் நிமிர்ந்து நின்றன.

அடுத்த சனிக்கிழமை நட்சத்திரங்கள் வந்தன. மாப்பிள்ளை சரிபார்ப்பதற்காகத் தன் கடவுச்சொல்லை அடித்தார். பின்னால் ஒரு ஃபிரேமைத் துடைப்பதுபோல் நின்ற முதலாளி எண்ணினார். ஏழு.

தன் நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்கும் தேவை அவருக்கு வரவில்லை. தன் மேல் அவருக்குச் சந்தேகம் கிடையாது.

மதியச் சாப்பாட்டின்போது மனைவியிடம் கேட்டார்.

"மாப்பிள்ளை நம்ம பொண்ணை எப்படிக் கூப்பிடுவார்?"

"செல்லம்னுதான். ஏன்?"

அவர் இடது கை விரலை மடக்கினார். செ, ல், ல, ம். நான்கு.

"அவர் பாஸ்வேர்டு ஏழெழுத்து."

"இருக்கட்டுமே."

"கல்யாணமாகி எட்டு மாசம். பொண்டாட்டி பேரை வைக்காம வேற எவ பேரை வைப்பான் ஒரு மனுஷன்?"

"நீங்க என் பேரையா வச்சிருக்கீங்க?"

முதலாளி தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, "பொண்ணு எப்படி இருக்கா?" என்றார்.

"நேத்து போயிருந்தேனே. கண்ணெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. கேட்டா ஒண்ணுமில்லம்மாங்கறா."

நாற்பது ஆண்டுகளாக மற்றவர்களின் கண்களைப் பார்த்தவர் அவர். பாதிச் சோற்றில் கையை உதறினார்.

"தூசி பட்டா மூலையில சிவக்கும். முழுசா சிவந்தா அது அழுகை."

குடும்பத்தில் இதுவரை எந்தப் பெண்ணும் பிறந்த வீட்டுக்குப் பெட்டியோடு திரும்பியதில்லை. அதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிய வேண்டிய பெருமை அது. அது தன் காலத்தில், அதுவும் தன் கடைத் திரையில் விழுந்த ஏழு நட்சத்திரத்தால் போவதா?

அன்று சாயங்காலம் முழுக்க அவர் பழைய நோட்டுகளில் ஏழெழுத்துப் பெண்பெயர் தேடினார். ஒன்றே ஒன்று கிடைத்தது. எண்பத்திரண்டு வயது, இரண்டு கண்ணிலும் ஆபரேஷன். பென்சிலால் அடித்துவிட்டார்.

மறுவாரம் மாப்பிள்ளை வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"இந்த நட்சத்திரமும் வேண்டாம். அடிக்கிற எழுத்து அப்படியே தெரியட்டும்."

"மாமா, உலகத்துலேயே யாரும் அப்படி வைக்க மாட்டாங்க."

"மறைக்க ஒண்ணுமில்லாதவங்க வைப்பாங்க."

மாப்பிள்ளையின் முகம் வாடியது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இந்த முறை முதலாளியும் போனார். வாசலில் ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்த மூக்குக்கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் நின்றார்.

"எழுத்தே தெரியணுமாம்... நான் என்னம்மா பண்றது, நீதான் சொல்லணும்... இல்ல, உன் பேரை நான் எடுக்கவே இல்ல... சொன்னா அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாதுன்னு நீதானே சொன்னே... சரி சரி, ராத்திரி கண்ணு முழிக்காதே."

முதலாளி பலகையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே வந்ததும் சம்பந்திக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, வர்ற சனிக்கிழமை கடைப் பக்கம் வந்துட்டுப் போங்க. கண்ணு டெஸ்ட் பண்ணிடலாம்."

"என் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

"எனக்கும்தான். அதனாலதான் கூப்பிடறேன்."

சனிக்கிழமை காலை சம்பந்தி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். எழுத்து தெரியும் புதிய புரோகிராம் தயாராக இருந்தது. உள்ளறையில் கடையின் கண் பரிசோதகர், ஓர் இளம்பெண், ஒரு வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடியிருந்தாள். கதவு திறந்திருந்தது.

"முதல்ல நான் அடிக்கிறேன்," என்றார் முதலாளி. "வீட்டுக்குப் பெரியவன்தான் முன்மாதிரியா இருக்கணும்."

அடித்தார்.

"அங்க என்ன தெரியுது, படிங்க," என்றாள் பரிசோதகர் உள்ளே.

வாடிக்கையாளர் சுவரில் இருந்த அட்டையை விட்டுவிட்டு, நேர் எதிரே பளிச்சென்று தெரிந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"மு... த... லா... ளி."

"அது இல்லீங்க, அட்டையில."

"அட்டை மங்கலா இருக்கும்மா. இதுதான் நல்லாத் தெரியுது."

சம்பந்தி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளிக்குக் காது சூடானது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து மாப்பிள்ளைக்கு இடம் விட்டார்.

"இப்ப நீங்க. உங்க அப்பா முன்னாடியே அடிங்க."

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரே விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

செல்லம்.

முதலாளி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"இது நாலு எழுத்து," என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்கு ஏழு நட்சத்திரம் இருந்துச்சு. என் கண்ணால எண்ணினேன். நேத்து மாத்தியிருக்கீங்க."

பரிசோதகர் கதவோரம் வந்து நின்றாள்.

"மாத்தலை சார். எழுத்துன்னா நமக்குத்தான் ஒண்ணு. கம்ப்யூட்டருக்குக் கொம்பு தனி, புள்ளி தனி. ச ஒண்ணு, கொம்பு ஒண்ணு, ல ஒண்ணு, புள்ளி ஒண்ணு, அப்புறம் ல, ம, அதுக்கு ஒரு புள்ளி. ஏழு. உங்களோடதுக்கும் ஏழுதான் விழுந்திருக்கும்."

முதலாளி விரல்விட்டு எண்ணினார். ம, உகரத்துக்கு ஒன்று, த, ல, கால், ள, கொக்கி. ஏழு.

ஒரு நிமிடம் அவர் மனம் இலேசாயிற்று. மாப்பிள்ளையின் தோளில் கைவைக்கக்கூடப் போனார். பாதி வழியில் கை நின்றது.

"சரி. பேரு சரியா இருக்கு. அப்ப போன்ல பேசினது யாரு? உன் பேரை எடுக்கவே இல்லன்னீங்க. ராத்திரி கண்ணு முழிக்காதேன்னீங்க. என் காதால கேட்டேன் மாப்பிள்ளை. அங்க என் பொண்ணு கண்ணு சிவக்க அழுதுக்கிட்டு இருக்கா. யாரு அவ? நம்ம ரெண்டு குடும்பத்து மானத்துக்காகக் கேக்கறேன், சொல்லிடுங்க."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா மாமா."

"கேட்டீங்களா சம்பந்தி? உங்க பையன் வாயாலேயே வந்துடுச்சு."

சம்பந்தி மெதுவாக எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்கிட்ட யாரும் சத்தியம் வாங்கலை, அதனால நான் சொல்றேன் சம்பந்தி: என் பையன் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில மேஜை நாற்காலி வாங்கிப் போடற வேலைதான் பார்க்கிறான், சங்கத்துல நீங்க கைதட்டு வாங்கின புரோகிராமைக் கண்ணு சிவக்க உட்கார்ந்து எழுதினது உங்க பொண்ணு."