சீஸ் பிஸ்கட்டும் சிவப்பு அம்புக்குறியும்

அந்தக் கிறிஸ்துமஸ் மத்தியானம் பிரியாணிக்கு உட்கார்ந்தவர்கள்: ஸ்டிக்கர் அண்ணன், அவர் மனைவி மேரி அக்கா, மகள் எஸ்தர், பக்கத்து வீட்டு நான். வராதவர் மாப்பிள்ளை.

எங்கள் ஆம்பூரில் ஸ்டிக்கர் அண்ணன் குறை சொல்லாமல் விட்டது சூரியனை மட்டும்தான். அதுவும் கை எட்டாததால்.

ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்யும் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. தோலில் கீறலோ தையலில் பிசகோ தெரிந்தால், அந்த இடத்தில் மிளகளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்பு விழுந்தால் ரிஜெக்ட். ஸ்டிக்கர் ரோல் சட்டைப்பையிலேயே வீட்டுக்கும் வரும். இட்லி ஒரு பக்கம் சப்பையா? தட்டில் அம்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவன் நான். பட்டம் வாங்கிய போட்டோவை ஓடிப்போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, தொப்பி கோணல் என்று அதிலும் ஒன்று ஒட்டினார். அம்மா அதை அம்போடுதான் மாட்டி வைத்திருக்கிறார்.

எஸ்தரைப் பெண் கேட்டு மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்தபோது, அவர் சட்டைப் பொத்தானில் நூல் தொங்கியது. அண்ணன் பேசிக்கொண்டே, கைப்பழக்கத்தில், அவர் நெஞ்சில் ஒட்டிவிட்டார். கூடமே சிரித்தது, மாப்பிள்ளையைத் தவிர. கல்யாணம் நடந்தது. மாமனார் வீட்டு வாசலை மட்டும் அவர் மிதிக்கவில்லை.

மூன்றாவது வருஷம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு எஸ்தர் போன் செய்தாள். "நீ ஒரு வார்த்தை கூப்ட்டா வர்றேன்றாருப்பா."

"அவருக்கு இன்னா புடிக்கும்?"

"உப்பு போட்ட சீஸ் பிஸ்கட்டு. அத வுடுப்பா, மொதல்ல போன் பண்ணு."

"பிஸ்கட்ட சுட்டுட்டுப் பண்றேன். நல்லா வந்திச்சின்னு சொல்லிக் கூப்புடணும்ல?"

மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன் புது ஓவன் வாங்கிவந்தார். நான் செல்போனில் செய்முறையைப் படித்துச் சொன்னேன். சீஸைத் துருவி, மைதாவும் வெண்ணெயும் மிளகும் சேர்த்து அவரே பிசைந்தார்.

"கோல்டன் பிரவுன் வர்ற வரைக்கும் வைக்கணுமாம் அண்ணே."

"எந்த கோல்டன் பிரவுனு? ஷேடு நம்பர் போட்டுக்கிறானா?"

முதல் தட்டு ஷேடு சேரவில்லை. அடுத்தது ஓரத்தில் விரிசல். மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டிரண்டாகப் பிடித்துப் பார்த்து, ஜோடி சேரவில்லை என்றார். பிஸ்கட்டில் ஸ்டிக்கர் ஒட்டாது. அதனால் தட்டு விளிம்பெல்லாம் அம்பு.

"இன்னாயா, மாப்ளைக்கு சுடுறியா, ஜெர்மனிக்கு அனுப்புறியா?" என்றார் மேரி அக்கா.

நான் ஒன்றை வாயில் போட்டேன். கரைந்தது. "சூப்பர் அண்ணே. போன் போடுங்க."

"தின்ற வாய் ஆயிரம் சொல்லும். கண்ணு ஒத்துக்கணும்டா தம்பி."

இப்படியே கிறிஸ்துமஸ் விடிந்தது. கோயிலுக்குப் போய்வந்தும் ஓவனைச் சூடாக்கினார். கடைசித் தட்டு உள்ளே இருக்கும்போது எஸ்தர் தனியாக வந்து நின்றாள்.

"அவரு எங்கேம்மா?"

"டிக்கெட்டு எடுத்து வெச்சிருந்தாருப்பா. காலைல டேஷன் வரைக்கும் வந்தாரு. வண்டி கெளம்பற வரைக்கும் கையில போன வெச்சிக்கினே நின்னாரு. நீ பண்ணவே இல்லியே."

பிரியாணியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் எஸ்தர் புறப்பட்டபோது, அண்ணன் ஒரு ஷூ டப்பாவில் காகிதம் விரித்து எல்லாவற்றையும் அடுக்கினார். விரிசல் விட்டது, கருகியது, ஜோடி இல்லாதது எல்லாம். மூடியவுடன் கை சட்டைப்பைக்குப் போனது. டப்பாவிலும் அம்பா என்று பார்த்தேன். எடுத்தது போனை.

மணி அடித்தது. நின்றது. மறுபடி போட்டார். யாரும் எடுக்கவில்லை.

"பிஸ்கட்டு... சுமாராத்தான் வந்துக்கிது. குடுத்துட்றியாம்மா?" என்றார் மகளிடம்.

என் போட்டோவிலிருக்கும் அம்பை உரித்துவிடச் சொல்லி, வீட்டுக்கு வரும் வேலையிடத்து நண்பர்கள் கேட்கிறார்கள். நான் உரிக்கமாட்டேன். அந்தப் போட்டோவை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஓவனும் சீஸும் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம் போச்சு என்று மேரி அக்கா இன்னமும் புலம்புகிறார். அண்ணனின் கணக்கு வேறு. ரோலுக்கு ஆயிரம் ஸ்டிக்கர், விலை நாற்பது ரூபாய். மாப்பிள்ளை சட்டையில் ஒட்டியது நாலு காசு.