போர்வைக்குள் ஒரு புரோட்டீன்

என் கையெழுத்து சில நாள் எனக்கே புரியாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். அச்சில் ஏற்றுகிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உலகத்திலேயே ஈஸ்ட்டுக்குக் குட் மார்னிங் சொன்ன ஒரே மனிதர் எங்கள் ஈஸ்ட் சார்தான். படப்பைப் பக்கம், சலவைத்தூளில் கறை போகச் சேர்க்கிற புரோட்டீனைத் தயாரிக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. நான் கேட் வாட்ச்மேன். பன்னை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட்தான். அது தன் வயிற்றுக்குள் புரோட்டீனைச் செய்து வெளியே விட வேண்டும். விட வைப்பது சார் வேலை. ஈஸ்ட் வளர்கிற டேங்க்கில் முழங்கை இடித்தால், உள்ளே இருப்பவர்களிடம் சாரி கேட்பார். லேப் பக்கம் ஹார்ன் அடித்த லாரிக்காரரிடம், "உள்ள கோடிப் பேர் வேலை செய்றாங்க சார்" என்றார். லாரிக்காரர் கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு தடவை ஈஸ்ட் புரோட்டீனைச் செய்தது, வெளியே விடவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா டேங்க்கை நிறுத்திடுவேன். நீங்களும் வேற எடம் பாத்துக்கங்க" என்று சாரிடம் சொன்னார் மேனேஜர்.

எங்கே சிக்குகிறது என்று பார்க்க, மறுநாள் காலை சார் ஆபீசையே ஈஸ்ட்டாக்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் புரோட்டீன். நெற்றியில் 'வெளியே' என்று ஒரு சீட்டு. முதல் அறையில் சீட்டைக் கிழித்து, கைகாலை ஒழுங்காக மடக்கி நிற்க வேண்டும்; சரியாக மடங்காத புரோட்டீனை ஈஸ்ட் வெளியே விடாதாம். பிறகு போர்வை சுற்றி, பேக்கிங் அறை வழியாக வாசலுக்கு. அங்கே போர்வை திறக்கும். நாம் வெயிலில் விழ வேண்டும்.

எனக்குக் கூச்சம். "நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஓரமாக நின்றேன்.

"அண்ணா, புரோட்டீன் யாருக்கும் வழி விடாது!" என்று கத்திய சார், விசில் ஊதினார். எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் அறைக்குள் பாய்ந்தோம். கையை மடக்க இடமில்லை. அக்கவுண்ட்ஸ்காரர் முழங்கால் என் விலாவில். கதவே அடைத்துக்கொண்டது.

ஒருவழியாகப் பிதுங்கி வந்து போர்வையைச் சுற்றிக்கொண்ட என்னை, டீ கொண்டுவந்த கேன்டீன் அக்கா பார்த்தார். "இன்னாய்யா, போர்வைய சுத்திக்கினு நிக்கிற? ஜுரமா கீதா?"

"இல்லக்கா... புரோட்டீன்."

சார் மட்டும் துள்ளிக் குதித்தார். "இதேதான்! உள்ளயும் இப்படித்தான் சிக்கிக்கினாங்க. நான்தான் அவசரப்படுத்திட்டேன்!" ஓடிப்போய் டேங்க்கின் சூட்டைத் தணித்தார், தீனியைக் குறைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார் ஸ்கூட்டரில் கேட்டுக்கு வந்தார். "வெளிய வந்துடுச்சுண்ணா! மேனேஜர் இருக்கச் சொல்லிட்டார்."

நீங்கள் போய்விடுவீர்களோ என்று நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். தொண்டையிலேயே நின்றுவிட்டது. சார் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அவசரமில்லண்ணா. மெதுவா வரட்டும்."

கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "ஹெல்மெட் போட்டுக்கினு போங்க சார்."

எழுதி முடித்தது, ஆடி கடைசி ஞாயிறு.