பரிணாமத்துக்கு நான் வழங்கிய தீர்ப்பு

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

மதிப்பிற்குரிய மச்சான் ராமதாஸ் அவர்களுக்கு, ஆதிமூலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் தங்கை ரேணுகாம்பாளும், புதிதாக வாங்கிய மிக்ஸியும் நலம். வேலூரில் உங்கள் முழங்கால் நலமா? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் தங்கை மகள் வினோதினி என்னோடு பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. தாய்மாமன் என்ற முறையில் நீங்கள்தான் சமாதானம் செய்து வைக்க வேண்டும்.

ஓணான் எப்படி ஓணான் ஆயிற்று என்று அவள் பெங்களூரில் ஆராய்ச்சி செய்வது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அவளாகவே, "அப்பா, நம்ம ஊர்ல ஒரு தடவ பரிணாமம் பத்தித் தமிழ்லயே பேசணும்பா" என்றாள். எனக்கும் பெருமைதான். எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் ஜுபைரிடம் சொன்னேன். மைக் செட் வாடகைக்கு விடுகிறாரே, அவர்தான். "சார், பேச்சுன்னா எட்டு பேரு வருவாங்க, அதுல நாலு பேரு ஃபேன் காத்துக்கு வர்றவங்க. பட்டிமன்றம்னா சேர் பத்தாது. அதுவும் ஓணானுக்கு யாரு சார் வருவாங்க? குரங்குன்னு போட்டுடலாம்" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஓய்வு பெற்றபின் பதினான்கு பட்டிமன்றங்களுக்கு நடுவராக இருந்தவன், மேடை என்றால் எனக்குத் தலை தானாக ஆடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் கல்யாண மண்டப வாசலில் பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். 'மனிதன் குரங்கிலிருந்து வந்தானா? வரவில்லையா? நடுவர்: நகைச்சுவைத் தென்றல் ஆதிமூலம்.' என் படமும் குரங்கின் படமும் ஒரே அளவு. அவள் பெயர் ஜுபைரின் மொபைல் நம்பருக்கு மேலே சின்னதாக இருந்தது. அது போதாதென்று, 'வந்தான்' அணியில் சேர வினோதினியைத் தவிர யாரும் தயாராக இல்லை, வீட்டில் கேலி செய்வார்களாம். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வினோதினிக்கு 'வரவில்லை' வந்தது. "ஏம்பா, நான் இத்தன வருஷம் படிச்சது இதுக்கு எதிரா பேசறதுக்கா?" என்றாள். ஜுபைர் விடவில்லை. "பட்டிமன்றத்துல நாம நம்பாததத்தாம்மா பேசணும். போன வருஷம் நான் மாமியார் பக்கம் பேசுனேன், எங்க வீட்டம்மா ரூக்ஸார் மூணு நாள் சோறு போடல" என்றார்.

ஆனால் உங்கள் மருமகள் லேசுப்பட்டவளா? மேடையேறி, "ஆமாங்க, மனுஷன் இப்ப இருக்கிற குரங்குலேர்ந்து வரல. ரெண்டு பேரும் ஒரே மூதாதைகிட்டேர்ந்து பிரிஞ்சு வந்தவங்க. குரங்கு நமக்குத் தாத்தா இல்ல, பங்காளி" என்று ஒரு போடு போட்டாள். அங்கேயே நான் மணியை அடித்து முடித்திருக்கலாம். அதற்குள் மலையடிவாரத்தில் வேர்க்கடலை பயிரிடும் கோபி எழுந்து, "ஏம்மா, எங்க மல்லாட்டக் கொல்லையில தெனம் பூந்து புடுங்குதே, பங்காளின்னா அதுக்கும் பாத்தியத உண்டா?" என்று கேட்டார். எதிரணி வேணு, "பட்டா யார் பேர்ல கீது?" என்றார். பட்டா என்ற சொல் காதில் விழுந்ததும் முப்பத்தோரு வருடம் தாலுகா அலுவலகத்தில் இருந்த எனக்குக் கை பரபரத்தது. மைக்கை வாங்கிப் பட்டா மாறுதலுக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று இருபது நிமிடம் விளக்கினேன். பலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். வினோதினி தன் ஓணான் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நான் மைக்கைத் திருப்பித் தந்ததும் ஓணானைப் பற்றிப் பேசி முடித்தாள். பிறகு தீர்ப்பு. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும், எந்த அணியையும் தோற்கடிக்க மாட்டேன், தோற்றவர்கள் அடுத்த வருடம் வரமாட்டார்கள். ஆகவே, "ஆண்கள் குரங்கிலிருந்து வந்தவர்கள், பெண்கள் நேராக வந்தவர்கள்" என்று தீர்ப்புச் சொன்னேன். மண்டபமே அதிர்ந்தது. மணியம்மாள் டீச்சர் எழுந்து நின்று கைதட்டினார். எனக்குப் பொன்னாடை போர்த்தும்போது வினோதினி மேடையை விட்டு இறங்கி வந்து, "ஏம்பா, எது உண்மைன்னு கைதட்டல வச்சுதான் முடிவு பண்ணுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மதிய பஸ்ஸிலேயே போய்விட்டாள், வடை பாயசத்தோடு போட்ட சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை.

மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் பேசும்போது நான் காது கொடுத்துக் கேட்கவே இல்லை, தீர்ப்பில் என்ன ஜோக் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஜுபைர் எடுத்த வீடியோவை இப்போது மூன்று முறை பார்த்துவிட்டேன். வெயிலில் நின்று நின்று ஓணானுக்குக் கலர் வந்தது, எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நீண்டது என்று எவ்வளவு அழகாகச் சொல்கிறாள்! என் பெண் இவ்வளவு நன்றாகப் பேசுவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருக்கிறது. இனி மைக்கைத் தொடமாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப் பிள்ளைகளுக்கு ஆசிகள். அருணாசலேஸ்வரர் உங்கள் முழங்காலையும் என் குடும்பத்தையும் சேர்த்தே காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
ஆதிமூலம்

பி.கு.: இதைப் படம் பிடித்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். உங்கள் தங்கை வினோதினிக்கு அனுப்பிவிட்டாள். கை தவறிவிட்டதாம், நம்பச் சொல்கிறாள். பத்தாவது நிமிடம் போன் வந்தது. கடிதத்தில் ஓணானைப் பற்றி நான் எழுதியது ஒரு வரிகூடச் சரியில்லை என்று இரண்டு மணி நேரம் வரி வரியாகத் திட்டினாள். அவள் என்னோடு சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை, மச்சான். ஆகவே தயவுசெய்து சமாதானம் எதுவும் செய்து வைக்காதீர்கள். யானையைப் பற்றி அவளுக்கே நேராக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே ஏழு தப்பு வைத்துவிட்டேன்.