மாடி அறையைக் காலி செய்து வைக்கவும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இந்த ஒரு கடிதத்தில் மட்டும் அந்த முறையை மீறுகிறேன். என் மனைவி நலம், ஒழுகும் குழாய் நலம், நான் நலமில்லை. அக்காவையும் உங்கள் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

‘உக்காந்து பாக்கற வேலைதான் மாப்ள, உடம்பு நோகாது’ என்று பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் என்னைச் சேர்த்துவிட்டவர் நீங்கள். உடம்பு நோகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். சேர்த்துவிட்ட மறு வருடமே நீங்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பியதைப் பற்றி இதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சென்ற மாதம் ஒரு மாலை, வீட்டு வாசலில் நின்று அலுவலக அட்டையைப் பூட்டுக்கு நேரே காட்டி, ‘பீப்’ என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, ‘என்னங்க, கதவு தெறந்துதான இருக்கு’ என்றாள். உள்ளே வந்ததும், ‘குழாய்க்கு ஆள் வரச் சொன்னீங்களா?’ என்று கேட்டாள். ‘உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதே வாரம், மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதார். நான் அவர் கொடுத்த மருத்துவச் சான்றிதழில் தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன். தேதியில்லாத சான்றிதழை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. எங்கள் பிரிவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது அதற்காகத்தான். ‘தேதி போட்டு வாங்கிட்டு வாங்க’ என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘நீங்களும் பாவம் சார், மூஞ்சியே சரியில்ல’ என்று சொல்லிவிட்டுப் போனார். துக்கத்தில் இருப்பவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். அன்றுதான் பயந்தேன்.

மனைவி என்னை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ‘நல்லாத் தூங்கறீங்களா?’ என்றார் அவர். ‘எங்க டாக்டர், ஆபீஸ்லயா வீட்லயா?’ என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, ‘ஒரு மாசம் அந்தப் பக்கமே போகாதீங்க. இப்படியே இருந்தா அடுத்த தடவை உங்களத் தூக்கிட்டுத்தான் வருவாங்க’ என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

இதற்கிடையே அலுவலகத்தில் பணிச்சோர்வு பற்றி ஒரு படிவம் வந்தது. பெயர் வேண்டாம், மனம் திறந்து எழுதுங்கள் என்றார்கள். நான்கு பக்கம் எழுதினேன். எங்கள் பிரிவில் அரைப்புள்ளி போட்டு எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்பது அப்போது தோன்றவில்லை. மறுநாளே மேலாளர் கூப்பிட்டார். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்தான். ‘இவ்ளோ ஆழமா யாருமே எழுதல சார். சோர்வுத் தடுப்புக் குழு ஒண்ணு போடறோம், நீங்கதான் தலைவர்.’ ‘எனக்கே சோர்வுன்னுதான எழுதியிருக்கேன்?’ ‘அதனாலதான் சார், அனுபவம் வேணும்ல. சோர்வுன்னு யார் லீவு கேட்டாலும் மனு உங்ககிட்ட வரும். நீங்க சரின்னு சொன்னா நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்.’ இருக்கிற வேலையோடு இதுவும். வாரம் மூன்று கூட்டம், எல்லாம் மதிய இடைவேளையில். இடைவேளையின் அவசியத்தைப் பற்றித்தான் முதல் கூட்டத்தில் பேசினோம். அறிக்கைக்காக நிறையப் படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: வேலை அதிகமாவதால் மட்டும் ஆள் தீர்ந்துபோவதில்லை. முடியாது என்று சொல்ல வாய் வராதவனும், தான் இல்லாவிட்டால் அலுவலகமே நின்றுவிடும் என்று நினைப்பவனும்தான் முதலில் தீர்ந்துபோகிறார்கள். இதை எழுதி முடித்து, அறிக்கையைத் தட்டச்சு செய்யும் வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன்.

போதும் அத்தான். நாளைக் காலை சான்றிதழோடு விடுப்பு மனுவைக் கொடுக்கிறேன். ‘இந்தத் தடவை நீங்க வரலன்னா நான் மட்டும் உங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதப் பத்தி அங்க போய் யோசிச்சுக்கறேன்’ என்று மனைவி சொல்லியிருக்கிறாள். பெட்டியும் கட்டிவிட்டாள். இருவருக்கும் ஒரே பெட்டி. ஆகவே மாடி அறையில் இருக்கும் பழைய செய்தித்தாள் கட்டுகளை அப்புறப்படுத்தி வையுங்கள். விடியற்காலையில் வீடு முழுக்கக் கேட்கும்படி நீங்கள் தொண்டையைச் செருமுவதை ஒரு மாதம் மட்டும் தள்ளிவைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் விரைவில் குணமாகட்டும். மாடிப்படி ஏறிவந்து என்னோடு பேசும் அளவுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களால் வேலையில் அமர்ந்த மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்க நான்கு நாள் நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் என் மனு, முறைப்படி, குழுவின் பார்வைக்கு வந்துவிட்டது. குழு என்றால் நான்தான். இரண்டு முறை படித்தேன். மனுவில் குறையில்லை, காரணம் நியாயமானது, நடை நன்றாக இருந்தது. ஆனால் மருத்துவர் கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். மாடி அறையை ஒருவருக்கு மட்டும் தயார் செய்தால் போதும். பெட்டியிலிருந்து என் சட்டைகளை நேற்று அவள் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். மனுவைத் திருப்பியது மேலிடம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.